மழைக் கணக்குப் புத்தகங்களும் பொதுச் சாவியும்: சுங்கை சிப்புட்டில் ஒரு திறந்த ஆய்வுத் தரவகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட், பால்மரக் (ரப்பர்) காடுகளோடு சேர்ந்து வளர்ந்த ஊர். இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்கு ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேர் இருக்கிறது. இந்த ஆய்வு சொல்லவிருக்கும் நிகழ்வும் ஒரு தோட்ட அலுவலகத்து அலமாரியில்தான் தொடங்கியது. தோட்டம் கைமாறி, பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்ட பிறகு, பழைய அலுவலகக் கட்டடத்தை இடிக்கவிருந்த வாரத்தில், ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஒருவர் அந்த அலமாரியிலிருந்த மழைக் கணக்குப் புத்தகங்களைச் சாக்கில் கட்டித் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1950-களின் பிற்பகுதியிலிருந்து 1990-கள் வரை, நாள்தோறும் காலையில் மழைமானியில் அளந்த அளவு அவற்றில் எழுதப்பட்டிருந்தது. அவர் மறைந்த பின் அவருடைய துணைவியார் அந்தச் சாக்கை எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் குழுவிடம் ஒப்படைத்தார்.

தோட்டங்கள் மழையை இவ்வளவு கவனமாக அளந்ததற்கு வானிலை ஆர்வம் காரணமன்று. விடியலில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டிய பால் மங்கில் (பால் சேரும் கிண்ணத்தில்) விழாமல் பட்டையெங்கும் பரவி வீணாகிவிடும்; ஆகவே அன்று பால்வெட்டு இருக்காது, பல காலம்வரை அன்றைய கூலியும் இருக்காது. விடியலில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு மழை என்பது வீட்டில் உலை வைப்பதா இல்லையா என்னும் கேள்வி. அலுவலகத்துக்கு அது அன்றைய உற்பத்திக் குறைவுக்கான விளக்கம். அந்த இரு தேவைகளும் சேர்ந்து உருவாக்கிய பதிவு, இன்று மூன்றாவது ஒரு தேவைக்குப் பயன்படக்கூடியதாக இருக்கிறது. மேற்குக் கரையோர உள்நாட்டில் பிற்பகல் இடிமழை சில கிலோமீட்டருக்குள்ளேயே மாறிவிடும் இயல்புடையது. ஒரு தோட்டத்தில் கொட்டும் மழை பக்கத்துத் தோட்டத்தில் தூறலாகக்கூட இராது. அரசு நிலையங்களின் பதிவுகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தை இத்தகைய தோட்டப் பதிவுகளே நிரப்ப முடியும். பருவநிலை மாற்றத்தை ஆராய்பவர்களுக்கும், அண்மை ஆண்டுகளில் பால்மரங்களைத் தாக்கிவரும் பூஞ்சை சார்ந்த இலையுதிர் நோய்க்கும் ஈரமான நாள்களுக்கும் உள்ள தொடர்பைத் தேடுபவர்களுக்கும் நாள்வாரியான நீண்ட மழைத்தொடர் அரிய பொருள்.

முதல் முயற்சி, அதன் முடிவு

புத்தகங்கள் கைக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை தவறான வேலை. குழுவில் கணினி நன்கறிந்த இளைஞர் ஒருவர் இலவச இணையச் சேவை ஒன்றில் தம் பெயரில் கணக்குத் திறந்து, பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றி, அழகான தேடல் பக்கம் ஒன்றையும் அமைத்தார். பல்கலைக்கழகத்து நண்பர்கள் பாராட்டினார்கள். ஓராண்டுக்குள் அவர் வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றார். கைப்பேசி எண் மாறியது. அந்த எண்ணுக்கு வரும் சரிபார்ப்புக் குறியீடு இல்லாமல் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சேவை நடத்திய நிறுவனம் பின்னர் அந்த வகை இலவசக் கணக்குகளை நிறுத்தியபோது, எச்சரிக்கை மடல்கள் யாரும் திறக்காத ஓர் அஞ்சல் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. பக்கம் ஒருநாள் இல்லாமற்போயிற்று. எண்களாகப் பெயர்த்தெழுதிய அட்டவணைகளில் பாதிக்கு வேறு பிரதி இல்லை. அந்த இளைஞர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரவிரவாக உழைத்தவர் அவர். சாவியை ஒரே கையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தது குழுவினராகிய எங்கள் பிழை.

சாக்கு எங்களிடமே இருந்ததால் மறுபடியும் தொடங்க முடிந்தது. இம்முறை எந்த மென்பொருள் என்று கேட்பதற்கு முன் வேறு கேள்விகளைக் கேட்டோம். இதைப் பார்த்துக்கொள்பவர் நாளை இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதை நம்பாத ஒருவர் முழுவதையும் நகலெடுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் நடத்த முடியுமா? பணம் நின்றுபோனால் எது எஞ்சும்? இந்த ஆய்வு அந்தக் கேள்விகளிலிருந்து பிறந்த தீர்மானங்களைப் பற்றியது.

முன்னோடிகளிடம் கற்றது

ஆய்வுலகில் பொதுவாகப் பயன்படும் பல அமைப்புகள் மிகச் சிறிதாகத் தொடங்கியவை. புரதங்களின் வடிவங்களைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி 1971-இல் ஏழே ஏழு அமைப்புகளோடு தொடங்கியது. இயற்பியலாளர்கள் அச்சுக்கு முந்தைய கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்க்சைவ், 1991-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் தொடங்கியது. அவர் 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது அதுவும் உடன் சென்று அங்கே ஒரு நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. ஒருவருடைய ஆர்வத்தில் முளைத்தது அந்த ஒருவரைத் தாண்டி நிற்கும் இடத்துக்கு எப்போது, எப்படி மாறியது என்பதைத்தான் நான் இந்த வரலாறுகளில் தேடிப் படித்தேன். எங்கள் முதல் முயற்சி அந்த மாற்றத்துக்கு முன்பே அறுந்தது.

2016-இல் வெளியான ஃபேர் கொள்கைகள், தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிறவற்றோடு இணையத்தக்கதாக, மறுபடியும் பயன்படுத்தத்தக்கதாக இருக்கவேண்டும் என்று வகுத்தன. யுனெஸ்கோ 2021 நவம்பரில் திறந்த அறிவியல் குறித்த பரிந்துரையை ஏற்றது. மலேசியாவில் அதற்கு முன்பே, 2019-இல், அறிவியல் கழகத்தின் பொறுப்பில் மலேசியத் திறந்த அறிவியல் தளத்துக்கான முயற்சி தொடங்கிவிட்டது. இவை யாவும் பயனுள்ளவை. ஆனால் எங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமாகப் பேசியது 2015-இல் எழுதப்பட்ட திறந்த ஆய்வுக் கட்டமைப்புக் கொள்கைகள் என்னும் சிறிய ஆவணம். அது மூன்று தலைப்புகளில் பேசுகிறது: ஆளுகை, நீடிப்பு, ஈடுகாப்பு. பயன்படுத்துவோரே நிர்வாகத்தில் இடம்பெறவேண்டும். காலவரம்புள்ள பணத்தைக் காலவரம்புள்ள வேலைக்கு மட்டுமே செலவிடவேண்டும். அமைப்பை மூடவேண்டி வந்தால் எப்படி மூடுவது என்பதை முன்னரே எழுதிவைக்கவேண்டும். நிர்வாகம் தடம்புரண்டால் சமூகம் தரவையும் மென்பொருளையும் எடுத்துக்கொண்டு வேறிடத்தில் தொடர வழி இருக்கவேண்டும்.

இதை நான் குழுவில் வாசித்துக் காட்டியபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் இது எங்களுக்குப் புதியதன்று என்றார். 1950-களின் இறுதியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவரும் அன்று அமைச்சராக இருந்தவருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பங்கு வாங்கச் செய்தார். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. வேலை செய்பவர்களே உடைமையாளர்களாக இல்லாத இடத்தில், விற்கும் முடிவு எங்கோ எடுக்கப்படும் என்பதை அன்றைய தொழிலாளர்கள் பட்டறிவில் கண்டார்கள். அந்த மூத்தவர் தம் தந்தையின் பங்குச் சான்றிதழை இன்றும் வைத்திருக்கிறார். அதன்பின் கூட்டத்தில் ஆளுகை என்ற சொல்லை நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது

நாங்கள் முதலில் எடுத்த முடிவு, எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாகும். சொந்தச் சேவையகம் வேண்டாம். இடி மின்னல் மிகுந்த இப்பகுதியில் பள்ளிக் கணினி அறையில் ஒரு பெட்டியை ஆண்டு முழுவதும் ஓடவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது. சொந்த இணையப் பெயரும் வேண்டாம்; ஆண்டுச் சந்தா கட்ட மறந்த நாளில் எல்லா இணைப்பும் செத்துவிடும். தேடல் பக்கம், படம் வரையும் செயலி எல்லாம் பிறகு யாரேனும் செய்துகொள்ளலாம். அவை தரவின்மேல் நிற்பவை, தரவு அவற்றின்மேல் நிற்கக் கூடாது.

ஆகவே எங்கள் தரவகம் என்பது கோப்புகளின் தொகுப்பு மட்டுமே. பக்கங்களின் வருடிய படங்கள். அவற்றிலிருந்து பெயர்த்தெழுதிய எண்கள் காற்புள்ளியால் பிரித்த எளிய சிஎஸ்வி அட்டவணைகளாக. ஒவ்வொரு நிரலுக்கும் என்ன பொருள், என்ன அலகு என்று சொல்லும் விளக்கக் கோப்பு. இவை ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் 2013-இல் தொடங்கி நடத்திவரும் செனோடோ களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை கட்டணமின்றி இடம் உண்டு. பதிவுக்கு டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண்ணும், எல்லாப் பதிப்புகளையும் சேர்த்துக் குறிக்கும் பொது எண்ணும் உண்டு. ஓர் ஆய்வாளர் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பது பத்தாண்டு கழித்தும் தெரியவேண்டும் என்பதற்கு இந்த ஏற்பாடு போதுமானது. களஞ்சியம் வேறிடத்துக்கு மாறினாலும் டிஓஐ எண் மாறாது, அது சுட்டும் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். எங்களுக்கெனத் தனிப் பெயர் வாங்காமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

செனோடோவையும் ஒரே கை என்று கருதினோம். முழுத் தொகுப்பின் இரண்டாவது பிரதி ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், மூன்றாவது பிரதி இரண்டு வன்தட்டுகளில் இரண்டு வீடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் கணித்த சரிபார்ப்புத் தொகை ஒரு பட்டியலாக உடன் வைக்கப்பட்டுள்ளது. ஒரு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை முற்றிலும் மாறிவிடும் என்பதால், எந்தப் பிரதி கெட்டது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நூலகங்களுக்காக உருவான லாக்ஸ் திட்டம், நிறையப் பிரதிகள் பொருளைப் பத்திரப்படுத்தும் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. எங்கள் பாட்டிமார் விதைநெல்லை இரண்டு வீட்டில் வைத்ததும் இதே கணக்கில்தான்.

எண்களுக்குள் இருந்த சிக்கல்

கட்டமைப்பு என்றதும் பலர் சேமிப்பிடத்தை நினைக்கிறார்கள். எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அதற்கு ஆகவில்லை. ஒரு புத்தகத்தில் எழுதிய ஓர் எண், அந்தப் புத்தகத்தைப் பார்த்திராத ஒருவருக்கு அதே பொருளைத் தரும்படி செய்வதற்கு ஆயிற்று.

பழைய புத்தகங்கள் மழையை அங்குலத்திலும் அதன் நூற்றில் ஒரு பங்கிலும் எழுதின. 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது மில்லிமீட்டர் வந்தது. ஆனால் ஒரே நாளில் வரவில்லை. ஒரு புத்தகத்தில் சில மாதங்கள் தலைப்பில் மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்க, உள்ளே கிராணி அங்குலத்திலேயே தொடர்ந்து எழுதியிருக்கிறார். அந்த மாதங்களின் மொத்தத்தைப் பார்த்தால் ஏதோ பாலைவனத்தில் தோட்டம் போட்டதுபோல் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் பெருக்கிச் சரிசெய்வது எளிது. ஆனால் பெருக்கிய எண்ணை மட்டும் வெளியிடக் கூடாது என்று முடிவு செய்தோம். புத்தகத்தில் உள்ளபடியான எண், அதன் அலகு, மாற்றிய எண் என மூன்று நிரல்கள் வைத்தோம். எங்கள் ஊகம் தவறாக இருந்தால், மூலத்திலிருந்து வேறொருவர் தொடங்குவதற்கு இடம் இருக்கவேண்டும்.

நேரமும் நம்பத்தக்கதாக இல்லை. 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ‘காலை ஏழு மணி’ என்று எழுதியிருந்தாலும் அது ஒரே நேரமன்று. நாள்வாரி மழைக்கு அரை மணி நேரம் பெரிய வேறுபாடில்லை, ஆனாலும் விளக்கக் கோப்பில் அதைக் குறித்தோம். அதைவிடப் பெரிய குழப்பம் எந்த நாளின் மழை என்பதில் இருந்தது. காலையில் அளப்பது முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்து மழை; ஒரு கிராணி அதை அளந்த தேதிக்கு நேரே எழுதினார், அவருக்குப் பின் வந்தவர் முந்தைய தேதிக்கு நேரே எழுதினார். கையெழுத்து மாறிய இடத்தில் ஒரு நாள் விலகுகிறது. இது புரிய எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. தொழிலாளர்களின் வேலை நாளும் கூலியும் பதியும் செக்ரோல் புத்தகத்தில் பால்வெட்டு நின்ற நாள்களையும் மழைப் புத்தகத்தில் மிகுமழை நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விலகல் கண்ணுக்குத் தெரிந்தது.

தேதியை எழுதும் முறையையும் சொல்லவேண்டும். அட்டவணை மென்பொருள்கள் 3/4 என்பதை ஓரிடத்தில் ஏப்ரல் மூன்று என்றும், வேறிடத்தில் மார்ச் நான்கு என்றும் தாமாகவே மாற்றிவிடும். மரபணுப் பெயர்களையே தேதிகளாக மாற்றிய வரலாறு இந்த மென்பொருள்களுக்கு உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வகை அட்டவணைகளில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்பிழையைக் கண்டது. 2020-இல் சில மரபணுக்களின் பெயர்களையே மாற்றவேண்டி வந்தது. அதனால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அனைத்துலகத் தர முறைப்படியே தேதியை எழுதுகிறோம். பெயர்த்தெழுதுவதையும் இருவர் தனித்தனியே செய்து, வேறுபடும் இடங்களை மூன்றாமவர் படத்தைப் பார்த்துத் தீர்க்கிறார்.

தமிழ் எழுத்தில் ஒரு தோட்டத்தின் பெயர்

ஒரே தோட்டத்துக்கு நிறுவன ஆவணத்தில் ஒரு பெயர், மக்கள் வாயில் ஒரு பெயர், இன்றைய வரைபடத்தில் மூன்றாவது பெயர். மூன்றையும் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் பதிவுசெய்ய விரும்பினோம். தமிழில் தேடினால் கிடைக்காத தரவு எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திறந்த தரவாகாது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே எழுத்துருச் சிக்கல் வந்தது. மலேசியாவில் தமிழ்க் கணிமைக்கு நீண்ட மரபு இருக்கிறது. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இலேயே உருவாக்கினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோட் பரவுவதற்கு முந்தைய ஆண்டுகளில் பல குறியீட்டு முறைகள் புழங்கின. எங்கள் பள்ளியின் பழைய மலர்க் கோப்புகளைத் திறந்தால் இலத்தீன் எழுத்துக் குவியலாகத் தெரிவது அதனால்தான். அவற்றை மாற்றி எடுத்தோம். யூனிகோடுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. ‘கோ’ என்னும் எழுத்தில் உள்ள உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். கோலகங்சார் எங்கள் அட்டவணையில் இரண்டு ஊர்களாக எண்ணப்பட்டதை ஒரு மாணவிதான் கண்டுபிடித்தார். இதை யூனிகோடின் இயல்பாக்க முறை சரிசெய்துவிடும். அது சரிசெய்யாத இன்னொன்று இருக்கிறது: ஔகாரக் குறியின் பின்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சு செய்வது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. அதற்கெனத் தனிச் சரிபார்ப்பு எழுதினோம். இவை யாவற்றுக்கும் மேலாக, பெயரை அடையாளமாகப் பயன்படுத்துவதையே கைவிட்டு, ஒவ்வொரு மழைமானி இடத்துக்கும் பொருளற்ற ஒரு வரிசை எண் கொடுத்தோம். பெயர்கள் அந்த எண்ணின் கீழ், எந்த ஆண்டுமுதல் எந்த ஆண்டுவரை என்ற குறிப்போடு நிற்கின்றன.

யாருடைய பெயர் வரும்

பதிவை வெளியிடும் நாளுக்கு முன், சாக்கைக் கொடுத்த அம்மாவைப் பார்க்கச் சென்றோம். இந்த எண்கள் இனி உலகில் யாரும் பார்க்கும்படி இருக்கும் என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “எங்க வீட்டுக்காரரு பேரு அதுல வருமா தம்பி?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் தயாரித்திருந்த பதிவில் ஆசிரியர்கள் என்ற இடத்தில் எங்கள் குழுவும் இரண்டு பல்கலைக்கழக நண்பர்களும் இருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் மழைமானியைக் கவிழ்த்து அளந்தவர்கள் எவரும் இல்லை. டிஓஐ எண்களை வழங்கும் டேட்டாசைட் அமைப்பின் விவரக்குறிப்பில் தரவு சேகரித்தவர் என்னும் பங்களிப்பு வகை முன்னரே இருக்கிறது. அது இருப்பதை அறிந்தும் நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. வெளியீட்டை நிறுத்திவைத்து, கையெழுத்துகளைக் கொண்டு கிராணிகள் யார் யார் என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒப்புதல் கேட்டோம். ஒப்பியவர்களின் பெயர்கள் பதிவில் உள்ளன. ஒரு குடும்பம் வேண்டாம் என்றது, அங்கே தோட்ட அலுவலகம் என்று மட்டும் இருக்கிறது. உயிரோடிருக்கும் பங்களிப்பாளர்கள் ஆர்க்கிட் என்னும் பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணைப் பெற்றார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் எண்ணை நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். பல மாத வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த பகுதி இதுதான், தாமதமாகச் செய்தது என்ற வருத்தத்தோடு.

மாறாக, எவருடைய பெயரும் வரக் கூடாத பக்கங்களும் இருந்தன. செக்ரோல் புத்தகங்களில் கூலி, முன்பணம், மருத்துவமனைக்குச் சென்ற நாள் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. மழைப் புத்தகத்தின் ஓரங்களிலும் விபத்துக் குறிப்புகள் உண்டு. பேரப்பிள்ளைகள் இதே ஊரில் வாழ்கிறார்கள். செக்ரோலை நாங்கள் நாள் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தி, படங்களை வெளியிடவில்லை. ஓரக் குறிப்புகளை மறைத்தே படங்களை ஏற்றினோம். புத்தகங்கள் சட்டப்படி தோட்ட உடைமையாளருக்குரியவை என்பதால், இன்றைய உடைமையாளரிடம் எழுத்து வடிவில் இசைவு பெற்று, பெயர் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டோம்.

திறந்ததாக இருக்கக் கூடாத ஒன்றும் எங்கள் வாசலுக்கு வந்தது. சுங்கை சிப்புட்டின் உட்பகுதியில் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அவர்களின் மூலிகைப் பயன்பாட்டைப் பள்ளித் திட்டத்துக்காகக் குறித்துவைத்த மாணவர் ஒருவர், அதையும் தரவகத்தில் சேர்க்கக் கேட்டார். 2019-இல் வகுக்கப்பட்ட கேர் கொள்கைகள், பூர்வகுடிகளைப் பற்றிய தரவில் அவர்களின் கூட்டு நலனும் கட்டுப்படுத்தும் உரிமையும் முதன்மை என்கின்றன. உயிரிவளங்களை அணுகுவது பற்றிய மலேசியாவின் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றோடு சேர்ந்த மரபறிவுக்குச் சமூகத்தின் முன்னிசைவு வேண்டும் என்கிறது. நாங்கள் அக்குறிப்பேட்டை ஏற்கவில்லை. மாணவரோடு சென்று, அதைக் கிராமத்துப் பெரியவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தோம். அதை என்ன செய்வது என்பது அவர்களுடைய முடிவு.

நிர்வாகம், பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏழு பேர் கொண்ட பொறுப்பாளர் குழு; அதில் கிராணிகளின் குடும்பங்களிலிருந்து இருவர், தரவைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களிலிருந்து ஒருவர். எந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் குறைந்தது இருவரிடம். முத்திரையிட்ட உறை ஒன்று மூன்றாவது இடத்தில். ஒரு முறை கிடைத்த சிறு நன்கொடை வருடும் கருவிக்கும் படமெடுத்தவர்களின் கூலிக்கும் மட்டும் செலவானது. தொடர்செலவு, வன்தட்டுகளைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றுவது தவிர வேறில்லை. குழு கலைந்தால் நூலகப் பிரதியே முதன்மைப் பிரதியாகும் என்ற ஒரு பக்கத் தாளில் நூலகமும் கையெழுத்திட்டிருக்கிறது.

பயன்பாட்டில் வெளிப்பட்ட பிழை

முதல் பதிப்பு வெளியாகிச் சில மாதங்களில் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் பணிவாக ஒரு கேள்வி அனுப்பினார்: உங்கள் தோட்டத்தில் ஏன் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்வதில்லை?

பார்த்தோம். ஞாயிறு ஓய்வு நாள் என்பதால் அன்று யாரும் மழைமானியைத் தொடவில்லை. இரண்டு நாள் மழை சேர்ந்து திங்கட்கிழமைக்கு நேரே எழுதப்பட்டிருந்தது. கிராணி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். பெயர்த்தெழுதிய நாங்கள் வெற்றிடத்தைச் சுழியம் ஆக்கியிருந்தோம். அவர் அளக்கவில்லை என்று நேர்மையாகச் சொன்னதை, மழை இல்லை என்று நாங்கள் மாற்றிவிட்டோம். மழை நாள்களின் எண்ணிக்கை, தொடர் வறட்சியின் நீளம், ஒரு நாளின் பெருமழை ஆகிய மூன்றுமே இதனால் பிழைபடும்.

இரண்டாம் பதிப்பில் சுழியம், வெற்றிடம், அளக்க முடியாத தூறல், பல நாள் சேர்ந்த அளவு ஆகிய நான்கையும் தனித்தனிக் குறிகளால் பிரித்தோம். முதல் பதிப்பை நீக்கவில்லை. அதைக்கொண்டு எழுதியவர்கள் தங்கள் முடிவைச் சோதித்துப் பார்க்க அது இருந்தாகவேண்டும். மாற்றக் குறிப்பில் பிழை எங்களுடையது, புத்தகத்தினுடையதன்று என்று தெளிவாக எழுதினோம். பக்கங்களின் படங்களை வெளியிட்டிராவிட்டால் அந்த ஆய்வாளருக்கு எங்கள் பதிலைச் சரிபார்க்க வழியே இருந்திராது. அவர் படத்தைத் திறந்து பார்த்துத் தாமே வெறுமையான கட்டங்களைக் கண்டார். படங்கள் இடத்தை அடைக்கின்றன என்று அவற்றை விட்டுவிட நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

மீட்டெடுப்பு ஒத்திகை

ஆண்டுக்கு ஒருமுறை, குழுவில் இல்லாத ஒருவரிடம் வன்தட்டை மட்டும் கொடுத்து, இணையமும் எங்கள் உதவியும் இல்லாமல் தொகுப்பை மறுபடியும் அமைக்கச் சொல்கிறோம். கடந்த முறை ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்தார். சரிபார்ப்புத் தொகைகள் யாவும் ஒத்துவந்தன. மாத மொத்தங்களைக் கணித்து வெளியிட்ட பதிப்போடு ஒப்பிட்டார். ஒரு தோட்டத்தின் 1974-ஆம் ஆண்டுக் கோப்பில் மட்டும் எந்த மாதத்திலிருந்து மில்லிமீட்டர் என்பது விளக்கக் கோப்பில் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தச் செய்தி அதுவரை என் நினைவில் மட்டும் இருந்திருக்கிறது. அன்று மாலையே அதைக் கோப்பில் சேர்த்து, பதிப்பு எண்ணை உயர்த்தினோம். அடுத்த சாக்கு லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வருகிறது, அதன் முதல் புத்தகத்தை அந்த மாணவியே படமெடுக்கிறார்.